ஆபத்துக்கும் ஆபத்துக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு நாள் சேஃப்டி வகுப்பு ஒன்றின் விமர்சனம்

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுக்கிறேன். அதில் மூன்று, பாடம் எடுத்த மேடத்துக்கு. மீதி அரைதான் வகுப்பை நடத்திய நிறுவனத்துக்கு, அதுவும் இரண்டு நாளில் ஒருமுறைகூட வீடியோ அறுந்துபோகவில்லை என்பதற்காக. பெயரைப் போடப் போவதில்லை. நான் சொல்லப் போகிற குறை, அதாவது ஹசார்ட், ரிஸ்க் என்ற இரண்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைப் போடுவது, அவர்களிடம் மட்டும் இருப்பதாகத் தோன்றவில்லை. பாதுகாப்புப் பயிற்சிக்குத் தமிழில் ஸ்லைடு போட உட்காருகிற யாருமே சுலபமாக விழக்கூடிய குழி அது.

நான் எதற்காகச் சேர்ந்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பராமரிப்புப் பிரிவில் வேலை. மோட்டார், பம்ப், பெல்ட், பேரிங் என்று போகும். எந்த வேலையைத் தொடங்குவதற்கு முன்னாலும் 'ஹிரா' ஃபாரம் என்று ஒன்றை நிரப்ப வேண்டும். ஹசார்டைக் கண்டுபிடித்து ரிஸ்க்கை மதிப்பிடுகிற படிவம். ஒரு கட்டத்தில் ஹசார்ட், பக்கத்துக் கட்டத்தில் ரிஸ்க். ஏணியில் ஏறி லைட் மாற்றுகிற வேலைக்கு நான் ஹசார்ட் என்ற இடத்தில் 'கீழே விழலாம்' என்றும் ரிஸ்க் என்ற இடத்தில் 'ஏணி வழுக்கும்' என்றும் எழுதிக் கொடுத்தேன். சேஃப்டி ஆபீசர் திருப்பி அனுப்பினார். சரி, தலைகீழாக எழுதிவிட்டோம் போல என்று இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்தேன். அதுவும் திரும்பி வந்தது. மூன்றாவது முறை கடுப்பில் இரண்டு கட்டத்திலும் 'ஆபத்து' என்று எழுதிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, ஒருதடவை இந்த கிளாஸுக்குப் போயிட்டு வாங்க" என்று லிங்க் அனுப்பினார்.

வகுப்பு நேரலையில் இரண்டு நாள், நாளுக்கு இரண்டு அமர்வு. கடைசியில் 40 கேள்விக்கு ஒரு தேர்வு, அப்புறம் சான்றிதழ். முதல் அமர்வைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விபத்துப் படங்கள், பாதுகாப்பு உறுதிமொழி, ஹெல்மெட் போட்ட பொம்மை கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம். தூக்கம் வந்தது.

இரண்டாவது அமர்வின் முதல் ஸ்லைடில் தூக்கம் கலைந்தது. தலைப்பு இப்படி இருந்தது: 'ஆபத்து கண்டறிதலும் ஆபத்து மதிப்பீடும்'. ஆங்கில மூலத்தில் முதலாவது ஹசார்ட், இரண்டாவது ரிஸ்க். மொழிபெயர்த்தவருக்கு இரண்டும் ஆபத்துதான். அடுத்த ஸ்லைடு இன்னும் அழகு: 'ஆபத்து என்பது ஆபத்தினால் தீங்கு நேர்வதற்கான வாய்ப்பும் அதன் தீவிரமும் சேர்ந்தது.' இதை நான் மூன்று முறை படித்தேன். நான் கோபத்தில் ஃபாரத்தில் எழுதியதை இவர்கள் காசு வாங்கிக்கொண்டு ஸ்லைடாகப் போட்டிருக்கிறார்கள். நாலு ஸ்லைடு தள்ளி அதே ஹசார்ட் 'இடையூறு' ஆகிவிட்டது. வழியில் வண்டியை நிறுத்தினால் அது போக்குவரத்துக்கு இடையூறு, பக்கத்து அறையில் சத்தம் போட்டால் படிப்புக்கு இடையூறு. அமிலம் இருக்கிற கேனைப் பார்த்து இடையூறு என்று யாராவது சொல்வார்களா?

மேடமும் அந்த ஸ்லைடைப் பார்த்து ஒரு நொடி நின்றார். பிறகு ஸ்லைடை மூடிவிட்டு, "இதை நான் எழுதலை, மன்னிச்சிடுங்க" என்று சொல்லி, மேசைக்குக் கீழேயிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து கேமரா முன்னால் வைத்தார். ஆய்வகத்துக்கு வாங்குகிற 100 மில்லி அசிட்டோன். லேபிளில் சிவப்பு ஓரம் போட்ட சாய்சதுரம், உள்ளே தீச்சுவாலை, பக்கத்தில் 'டேஞ்சர்' என்று கொட்டை எழுத்து. அடுத்து ஒரு போட்டோ காட்டினார். 200 லிட்டர் டிரம், அதே அசிட்டோன், அதே சாய்சதுரம், அதே 'டேஞ்சர்'.

"ரெண்டு லேபிளும் ஏன் ஒண்ணா இருக்கு?" என்று கேட்டார். நாங்கள் இருபது இருபத்தைந்து பேர் இருந்திருப்போம், யாரும் பதில் சொல்லவில்லை. உள்ளே இருப்பது ஒன்றுதானே, அதனால்தான் லேபிளும் ஒன்று என்றார். உலகம் முழுக்க ரசாயன லேபிள்களை ஒரே மாதிரி ஆக்குவதற்காக ஐநா கொண்டுவந்த ஜிஎச்எஸ் முறை 2003-இல் முதலில் வெளியானது. அதன்படி லேபிளில் வருகிற எச்சரிக்கைச் சொல் இரண்டே இரண்டுதான். கடுமையானதற்கு 'டேஞ்சர்', அதைவிடக் குறைந்ததற்கு 'வார்னிங்'. எந்தச் சொல் போடுவது என்பதை அந்தப் பொருளின் குணம் முடிவு செய்கிறது. அசிட்டோனின் ஃபிளாஷ் பாயின்ட் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 20 டிகிரி செல்சியஸ், அதாவது உறைகுளிரில்கூட அதன் ஆவி ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். சொட்டாக இருந்தாலும் டிரம்மாக இருந்தாலும் அந்தக் குணம் மாறாது. அதுதான் ஹசார்ட்.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். மூடியை இறுக்கி அலமாரியில் வைத்த 100 மில்லி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பாகம் கழுவுவதற்காக அகலமான தட்டில் ஊற்றித் திறந்தபடி வைத்திருக்கிற ஐந்து லிட்டர், அதே தளத்தில் பத்தடி தள்ளி ஒருவர் கிரைண்டர் ஓட்டுகிறார். அசிட்டோன் ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போகாது, தரையோடு தரையாக ஊர்ந்து போகும். கிரைண்டர் பொறியும் தரையில்தான் விழுகிறது. எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு நேரம், காற்றோட்டம் உண்டா, பொறி எங்கே, பக்கத்தில் எத்தனை பேர், பற்றினால் யாருக்கு எவ்வளவு அடி, இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் வருவதுதான் ரிஸ்க். லேபிளை எத்தனை தடவை படித்தாலும் அதில் ரிஸ்க் இருக்காது, அது நம் தளத்தில்தான் இருக்கிறது என்று அவர் சொன்னபோது எனக்குள் ஏதோ ஒன்று 'டக்' என்று சரியான இடத்தில் உட்கார்ந்தது. பேரிங்கைத் தட்டி ஏற்றும்போது கடைசி அடியில் சத்தம் மாறுமே, அந்த மாதிரி.

இங்கே என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன், வகுப்பில் சொன்னது இல்லை. தமிழில் இந்த இரண்டையும் பிரிக்க பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு, அதோடு வருகிற வினைச்சொல்லைப் பார்த்தால் போதும். ஆபத்து வரும், ஆபத்து இருக்கும், ஆபத்தில் மாட்டுவோம், ஆபத்திலிருந்து தப்பிப்போம். யாரும் ஆபத்தை 'எடுப்பதில்லை'. ரிஸ்க்கைத்தான் எடுக்கிறோம். "ஏன் இப்படி ரிஸ்க் எடுக்கிறே?" என்று கேட்கிறவர், இங்கே கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு முடிவு இருந்தது, அதை நீ எடுத்துவிட்டாய் என்றுதான் சொல்கிறார். இலக்கணம் படிக்காத எங்கள் ஆட்கள்கூட இதில் தப்பு விடுவதில்லை, ஃபாரத்தில் எழுதும்போது மட்டும் எல்லாருக்கும் குழம்பிவிடுகிறது.

அடுத்தது பயிற்சி. ஒரு போட்டோ: நடைபாதையின் குறுக்கே தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் ஒயர், ஓரிடத்தில் மேல்தோல் உரிந்து இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறது. ஹசார்டை எழுதுங்கள் என்றார். நான் உட்பட பாதிப் பேர் 'தடுக்கி விழுதல்' என்று எழுதினோம். அது விளைவு, இன்னும் நடக்கவில்லை, நடந்தால் இப்படி இருக்கும் என்கிற செய்தி. ஹசார்ட் என்பது இப்போதே அங்கே கிடப்பது. பணியிடப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 45001 என்ற சர்வதேசத் தரநிலை (2018) ஹசார்டை, காயத்தையோ உடல்நலக் கேட்டையோ உண்டாக்கக்கூடிய மூலம் என்கிற பொருளில்தான் வரையறுக்கிறது, 'மூலம்' என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். அப்படிப் பார்த்தால் அந்த ஒரே ஒயரில் இரண்டு ஹசார்ட் இருக்கிறது: குறுக்கே கிடப்பது ஒன்று, உரிந்த தோலுக்குள் ஓடுகிற மின்சாரம் இன்னொன்று. ரிஸ்க் எழுதும்போது இரண்டுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் அந்த வழியில் நாளொன்றுக்கு நூறு பேர் போனால் முதலாவது ஏறும், தரை ஈரமாக இருந்தால் இரண்டாவது ஏறும்.

என் ஏணி ஃபாரம் ஏன் மூன்று முறை திரும்பி வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. நான் எழுதிய இரண்டுமே நடக்கக்கூடியவை. உயரம் என்ற சொல்லையே நான் எங்கும் எழுதவில்லை.

மேடம் சொன்னதில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, இந்தக் குழப்பம் நம்மைப் போன்ற ஆட்களுக்கு மட்டும் வருவது இல்லை என்று காட்டியது. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் ஐஏஆர்சி என்கிற புற்றுநோய் ஆய்வு அமைப்பு, எந்தெந்தப் பொருள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்துகிறது. 2015 அக்டோபரில் பதப்படுத்திய இறைச்சியை முதல் வகுப்பில் சேர்த்தார்கள். புகையிலையும் அதே வகுப்பில் இருப்பதால் இரண்டும் சமம் என்று செய்திகள் பறந்தன. ஆனால் அந்த வகுப்பு, ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறதே தவிர எவ்வளவு ரிஸ்க் என்பதைச் சொல்லவில்லை. தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடுகிறது என்று அதே அறிவிப்பில் ஒரு வரி இருந்தது, ரிஸ்க் பற்றிப் பேசுகிற வரி அதுதான். தலைப்புகளில் அது பெரிதாக அடிபடவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த அமைப்பின் அறிக்கை வரிசைத் தலைப்பிலேயே பல வருடம் ரிஸ்க் என்ற சொல்தான் இருந்தது. 2019-இல்தான் அதை எடுத்துவிட்டு ஹசார்ட் என்று மாற்றினார்கள். அவர்களுக்கே அவ்வளவு நாள் ஆகியிருக்கிறது, என் ஃபாரம் மூன்று தடவை திரும்பி வந்ததற்கு நான் வெட்கப்பட வேண்டியதில்லை.

2023 ஜூலை 14 அன்று நடந்தது இன்னும் தெளிவான உதாரணம். செயற்கை இனிப்பான அஸ்பார்டேமைப் பற்றி ஒரே நாளில் இரண்டு முடிவுகள் வெளியாயின. ஐஏஆர்சி, 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்கிற 2பி வகுப்பில் வைத்தது. உணவுச் சேர்க்கைப் பொருள்களை ஆராயும் இன்னொரு குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை தினம் எடுத்துக்கொள்ளலாம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் அந்த வரம்பைத் தாண்ட வேண்டும் என்றால், சர்க்கரை இல்லாத குளிர்பானத்தை நாளொன்றுக்கு 9 முதல் 14 கேனுக்கு மேல் குடிக்க வேண்டும். முரண்பாடு மாதிரி தெரியும். முதல் குழு லேபிளைப் படித்தது, இரண்டாவது குழு தட்டையும் கிரைண்டரையும் பார்த்தது, அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் காலை, கட்டுப்பாட்டு முறைகள். வழக்கமான ஐந்து படி: அகற்று, மாற்று, இயந்திர ஏற்பாடு செய், வேலை முறையை மாற்று, கடைசியாகப் பிபிஇ, அதாவது கையுறை, ஹெல்மெட் மாதிரி உடம்பில் போட்டுக்கொள்கிற பாதுகாப்புச் சாதனங்கள். எங்கள் இடத்தில் நேர் தலைகீழாக, முதலிலேயே கையுறையைக் கொடுத்துவிட்டு வேலையை முடித்துக்கொள்வார்கள். முதல் படி ஒன்றுதான் ஹசார்டையே ஒழிக்கிறது, இரண்டாவது ஒரு ஹசார்டைக் கொடுத்து அதைவிடச் சின்னதை வாங்குகிறது, மற்ற மூன்றும் ஹசார்டை அப்படியே விட்டுவிட்டு ரிஸ்க்கை மட்டும் குறைக்கின்றன என்று சொன்னது நல்ல பார்வை. லைட்டைக் கீழே இறக்கி மாற்றுகிற மாதிரி ஏற்பாடு இருந்தால் உயரமே இல்லை, ஏணியும் இல்லை. ஹெல்மெட் போட்டால் உயரம் அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் அதற்குப் பின்னால் வந்த ரிஸ்க் மேட்ரிக்ஸ் பகுதியில் எனக்கு ஏமாற்றம். ஐந்துக்கு ஐந்து கட்டம், வாய்ப்புக்கு ஒரு எண், தீவிரத்துக்கு ஒரு எண், பெருக்கிப் பார்த்தால் பச்சை, மஞ்சள், சிவப்பு. இதைப் பதினைந்து நிமிடத்தில் ஓட்டிவிட்டார்கள். அரிதாக நடக்கும் மரணம் 1 பெருக்கல் 5, தினம் நடக்கும் சிராய்ப்பு 5 பெருக்கல் 1, இரண்டும் 5, இரண்டும் ஒரே நிறம். இது சரியா என்று சாட்டில் கேட்டேன், பதில் வரவில்லை. நிஜத்தில் இந்தக் கட்டம் எப்படி நிரப்பப்படுகிறது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். "நாலு போட்டா சிவப்பு வருது சார், பெர்மிட் கிடைக்காது, மூணு போட்டுக்கலாமா?" என்கிற உரையாடல் நடக்காத தளம் ஒன்றையாவது யாராவது பார்த்திருக்கிறீர்களா? முதலில் நிறத்தை முடிவு செய்துவிட்டு அப்புறம் எண்ணைத் தேடுகிறோம். வகுப்பு நடத்துகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

கடைசி அமர்வில் எதிர்பாராமல் ஒரு சுவாரசியம். காப்பீட்டுத் துறையிலிருந்து வந்திருந்த அண்ணன் ஒருவர், கொஞ்சம் வயதானவர், அதுவரை பேசவே இல்லை. கையைத் தூக்கி, "மேடம், எங்க தொழில்ல நீங்க சொல்றது அப்படியே மாறிப்போகுதே" என்றார். அவர்கள் பேச்சில் தீ, வெள்ளம், திருட்டு மாதிரி இழப்பை உண்டாக்குகிறது 'பெரில்'. ஹசார்ட் என்பது அந்தப் பெரில் நடக்கும் வாய்ப்பையோ அது அடிக்கிற அடியையோ கூட்டிவிடுகிற நிலைமை. கிடங்குக்குப் பக்கத்தில் காய்ந்த சருகு குவிந்து கிடக்கிறது என்றால் தீ பெரில், சருகு ஹசார்ட். காப்பீடு எடுத்துவிட்டோமே என்று பூட்டுப் போடாமல் போகிறவரின் மனசையும் அவர்கள் ஹசார்ட் கணக்கில்தான் வைக்கிறார்கள், மாரல் ஹசார்ட் என்ற சொல்லே அங்கே பிறந்ததுதான். இதெல்லாம் போக, காப்பீடு செய்யப்படுகிற கட்டிடத்தையோ சரக்கையோகூட அவர்கள் 'ரிஸ்க்' என்றுதான் குறிப்பிடுவார்களாம். "ரிஸ்க்கைப் போய் பார்த்துட்டு வந்தேன்னு சொல்லுவோம், அது ஒரு மூணு மாடிக் கட்டிடமா இருக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

மேடம் இதை மறுக்கவில்லை, அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது. அவர் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார்: ஐஎஸ்ஓ 31000 என்று நிறுவனங்களுக்கான ரிஸ்க் மேலாண்மைத் தரநிலை ஒன்று இருக்கிறது, அங்கே ரிஸ்க் என்றால் நோக்கங்கள் மீது நிச்சயமின்மை உண்டாக்கும் விளைவு, அது நல்லதாகவும் இருக்கலாம். ஆகவே கூட்டத்தில் மேலாளர் 'ரிஸ்க்' என்று சொல்லும்போது ஒன்றை நினைப்பார், நீங்கள் ஒன்றை நினைப்பீர்கள், முதலில் எந்த அர்த்தத்தில் பேசுகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். இருபது நிமிடம் ஓடிய இந்தப் பேச்சு பாடத்திட்டத்திலேயே இல்லை.

தமிழ்ச் சொல் விஷயத்துக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் கருத்துக்கேட்புப் படிவத்தில் இதை எழுத 200 எழுத்துதான் இடம் கொடுத்திருந்தார்கள். ரிஸ்க்குக்கு 'இடர்' என்று போடுவது இப்போது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது, எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் இடர் என்றால் பழைய தமிழில் துன்பம். பேரிடர் என்றால் இன்றைக்கும் வந்து இறங்கிவிட்ட துன்பம். வரலாம், வராமலும் போகலாம் என்கிற சங்கதி அந்தச் சொல்லுக்குள் தானாக வந்துவிடாது, முதல் ஸ்லைடிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும். 'அபாயம்' என்று போட்டால் மண்டை ஓடும் இரண்டு எலும்பும்தான் கண்ணுக்கு முன்னால் வருகிறது, அது ஹசார்ட் பக்கம் சாய்ந்த சொல். என்னைக் கேட்டால் ஹசார்டுக்கு 'ஆபத்து மூலம்' என்று நீட்டி எழுதிவிட்டு, ரிஸ்க்கை 'ரிஸ்க்' என்றே விட்டுவிடலாம். தளத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எந்தச் சொல்லாக இருந்தாலும் சரி, இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடாதீர்கள், அது போதும்.

தேர்வு சுலபம். ஆனால் அதிலும் இதே மொழிபெயர்ப்பு. ஒரு கேள்வி அப்படியே: 'பின்வருவனவற்றுள் ஆபத்து எது, ஆபத்து எது எனப் பொருத்துக.' நான் மூலமொழிக்கு மாற்றிப் படித்துவிட்டுப் பொருத்தினேன். தமிழில் மட்டும் படிக்க வருகிறவர் என்ன செய்வார்? உண்மையில் ஏணியில் ஏறப் போகிறவர் அவர்தானே. நிறுவனத்துக்கு அரை நட்சத்திரத்துக்கு மேல் கொடுக்காதது இதனால்தான்.

சேருவதாக இருந்தால் நேரலையில் சேருங்கள். பதிவு செய்த வீடியோவை 30 நாள் பார்க்க விடுகிறார்கள், நானும் திரும்பப் போய்ப் பார்த்தேன். கேள்வி நேரத்தை வெட்டிவிட்டார்கள், காப்பீட்டு அண்ணன் அதில் இல்லவே இல்லை. முதல் அமர்வுக்குத் தாமதமாகப் போனாலும் நஷ்டமில்லை. ஸ்லைடுகளின் பிடிஎஃப் தருவார்கள், பிரிண்ட் எடுத்துத் தாளை வீணாக்க வேண்டாம்.

வந்ததும் ஏணி ஃபாரத்தை நாலாவது முறையாக எழுதினேன். ஹசார்ட்: நாலு மீட்டர் உயரத்தில் வேலை. ரிஸ்க்: ஏணிக்கால் ரப்பர் தேய்ந்திருக்கிறது, தரையில் எண்ணெய்க் கசிவு, பிடிக்க ஆள் இல்லை, விழுந்தால் எலும்பு முறிவு அல்லது அதற்கு மேல், வாய்ப்பு 4, தீவிரம் 4. சேஃப்டி ஆபீசர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடவில்லை. "பதினாறு வருது, சிவப்பு. ஏணியை மாத்திட்டு, எண்ணெயைத் துடைச்சிட்டு வாங்க தம்பி" என்றார்.